அண்ணிக்குத் தனியாகத் தெரிவிக்கப்படவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை, என் வலது கையில் பிறந்தது. ஒரு கூட்டத்தில் "சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம்" என்றார்கள். தூக்கினேன். மணி ஒன்றேகால், நல்ல பசி, பக்கத்தில் இருந்தவரும் தூக்கியிருந்தார். அந்தக் கை அன்று மேசை மேலேயே கிடந்திருந்தால் நீங்கள் இந்த நேரம் உருப்படியாக வேறு ஏதாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

சம்மதம் எதற்கென்றால், ஆராய்ச்சி செய்பவர்களுக்கு நிதி அறிவிப்புகளை மின்னஞ்சலில் அனுப்புவதை நிறுத்திவிட்டு இனி இணையதளத்தில் மட்டும் போடுவதற்கு. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் ஓர் ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம், அது எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஆய்வாளர்களுக்குச் சொல்வதுதான் அலுவலகத்தின் பிழைப்பு. வேலை போக மீந்த நேரத்தில் கதை எழுதுகிறேன். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் வந்த வினையை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

2

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் அ: "முழங்கால் அளவு சேற்றில் நின்ற அந்தப் பெண்மணி, கம்பிச் சதுரத்துக்குள் குனிந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று—"

விட்டுவிட்டேன். காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்மணி என் அண்ணி, என் சொந்த அண்ணனின் மனைவி. எடுத்த எடுப்பில் அவரைச் சேற்றில் நிறுத்தினால் வீட்டில் பேச்சு வாங்குவது நான்தான்.

தொடக்கம் ஆ: "அறிவிப்புகள் இனி இணையதளத்தில் மட்டுமே வரும் என்ற அறிவிப்பு, இணையதளத்தில் மட்டுமே—"

இதையும் விட்டுவிட்டேன். இந்த நகைச்சுவை உங்களுக்கே தோன்றியிருக்கும். நாங்கள் அவ்வளவு மோசமில்லை. கடைசியாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் நிறுத்தினோம். அதை எழுதியவனும் நான்தான். "ஆய்வாளர்களுக்கான தகவல் பகிர்வு மேலும் செம்மைப்படுத்தப்படுகிறது" என்று தொடங்கி ஐந்து பத்தி போகும். நிறுத்துகிறோம் என்ற சொல் மட்டும் அதில் எங்குமே கிடையாது. அதைப் படித்துவிட்டு அண்ணி எனக்குப் போன் செய்து, ஏதோ நல்லது செய்கிறீர்கள் போல, சந்தோஷம் என்று வாழ்த்தினார். நான் நன்றி சொன்னேன்.

தொடக்கம் இ: "மாற்றம் ஒன்றுதான்—"

இது இந்த மாற்றத்துக்காக அமைத்த குழுவின் தலைவர் பேச்சிலிருந்து கை தவறி வந்து விழுந்தது. மன்னிக்கவும்.

ஆக, இந்தக் கதைக்கு ஒழுங்கான தொடக்கம் கிடையாது. அடுத்த ஆளைப் பார்க்கலாம்.

3

மின்னஞ்சல் என்றவுடன் யாரோ ஒரு பொத்தானை அழுத்த, அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே கடிதம் பறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சல் என்றால் ஓர் ஆள். பிரிண்டருக்குப் பக்கத்து மேசையில், தூசிக்குப் பயந்து மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஓர் அக்கா. பன்னிரண்டு வருடமாகத் திங்கட்கிழமை தவறாமல் காலை பத்தரைக்குள் அனுப்பிவிடுவார். அதனால் அவருக்குத் திங்கட்கிழமை அக்கா என்றே பெயர்.

அறிவிப்புகளை அப்படியே ஒட்டி அனுப்பும் பழக்கம் அவரிடம் இல்லை. ஒவ்வொன்றின் தலையிலும் தன் சொந்த வரி ஒன்று சேர்ப்பார். "பூஞ்சைக்காரர்களே, போன தடவை கோட்டை விட்டீர்கள். இந்தத் தடவையாவது பாருங்கள்." "பாறை ஆராய்பவர்களுக்கு இந்த வாரம் ஒன்றுமில்லை, நிம்மதியாக இருங்கள்." "நான்காவது கேள்வி புரியாது. எனக்கும் புரியவில்லை. கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்." அடுத்த வாரம் சொல்லியும் விடுவார்.

[இந்த இடத்தில் அக்காவின் இளமைக்காலம் பற்றி இரண்டு பத்தி எழுதி நீக்கினேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாததை உருக்கமாக எழுதுவது எனக்கு எளிதாக வருகிறது, அதனாலேயே சந்தேகம் வந்தது.]

4

பிறகு ஏன் நிறுத்தினோம்? ஒரு திங்கட்கிழமை, ஒரு பேராசிரியர் "நன்றி" என்று ஒரு சொல்லை அக்காவுக்கு மட்டும் அனுப்புவதாக நினைத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டார். தயவுசெய்து எல்லோருக்கும் பதில் அனுப்பாதீர்கள் என்று நாற்பது பேர் எல்லோருக்கும் பதில் அனுப்பினார்கள். அதைக் கண்டித்து இன்னும் எழுபது பேர். மதியத்துக்குள் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. மறுநாளே தகவல் தொடர்புச் சீரமைப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

குழு அறிவியல் முறைப்படி வேலை செய்தது. ஆய்வாளர்கள் மின்னஞ்சல்களைப் படிக்கிறார்களா என்று கண்டறிய ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. கருத்துக்கணிப்பை மின்னஞ்சலில் அனுப்பியது. எல்லோருக்கும் பதில் போய்விடுமோ என்று பயந்து ஒன்பது பேர் மட்டும் பதில் போட்டார்கள். ஒன்பது பேரும் "தவறாமல் படிக்கிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். யாரும் படிப்பதில்லை என்பதற்கு இது சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இணையதளம் முடிவானது. அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. யாரோ ஒருவர், இணையதளத்தில் போட்டுவிட்டு வேண்டியவர்களுக்கு மட்டும் காதோடு காதாகச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சமவாய்ப்பு விதி ஒன்று வேண்டும் என்றார்கள். "நம்ம தம்பி கதையெல்லாம் எழுதுறவர், அவர்கிட்ட விட்டுடலாம்" என்று குழுத்தலைவர் அதை என் தலையில் கட்டினார்.

எழுதினேன். "எந்த ஆய்வாளருக்கும் மின்னஞ்சல், தொலைபேசி, கடிதம் ஆகிய எவ்வழியிலும் அறிவிப்பைத் தனியாகத் தெரிவித்தல் கூடாது, அவ்வாறு அறிந்தவரின் விண்ணப்பம் ஏற்கப்படாது." வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நொண்டியது. மூன்று சொல்லோடு வாக்கியம் சப்பென்று நின்றுவிட்டது. நாலாவதாக ஒன்று வேண்டும் என்று காது சொன்னது. "நேர்ப்பேச்சு" என்று சேர்த்தேன். மின்னஞ்சல், தொலைபேசி, கடிதம், நேர்ப்பேச்சு. நீங்களே சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நன்றாக வந்து உட்காருகிறது.

ஓசைக்காகச் சேர்த்த சொல் அது. வேறு ஒரு காரணமும் கிடையாது. இணையதள முடிவோடு அந்த விதிக்கும் சேர்த்துத்தான் ஒன்றேகால் மணிக்குக் கை தூக்கினோம்.

5

இப்போது அண்ணி.

அண்ணி நத்தை எண்ணுகிறார். சிரிக்க வேண்டாம், எங்கள் குடும்பத்தில் அதையெல்லாம் சிரித்து முடித்தாயிற்று. ஊருக்கு வெளியே உள்ள ஒரு சதுப்பு நிலத்தில் நாற்பது இடங்களில் கம்பிச் சதுரம் வைத்து, ஒவ்வொரு மழைக்காலமும் அதற்குள் இருக்கும் நத்தைகளை எண்ணி எழுதுகிறார். பதினோரு வருடமாக. "சுமார் முந்நூறு" என்று ஒரு நாளும் எழுதியதில்லை. இருநூற்றுத் தொண்ணூற்று ஏழு என்றால் இருநூற்றுத் தொண்ணூற்று ஏழுதான்.

அவர் எண்ணும் இனம் ஒன்று வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. இனி அங்கே இருக்குமா இருக்காதா என்பது இந்த மழையில் தெரிந்துவிடும் என்கிறார். படகுக்கும் ஆட்களுக்கும் நிதி வேண்டும். அதற்கென்று இருப்பது நீண்டகாலக் கணக்கெடுப்பு நிதி ஒன்றுதான், மூன்று வருடத்துக்கு ஒருமுறை திறக்கும். ஒரு வருடம் போகாவிட்டால் என்னவாம் என்று ஒருமுறை கேட்டேன்.

"நடுவுல ஒரு வருஷம் விட்டுட்டா, அந்த வருஷம் நத்தை இல்லையா, இல்ல நாங்க போகலையான்னு பின்னாடி யாருக்கும் தெரியாது தம்பி. பதினோரு வருஷமும் வீண்."

சதுப்பு நிலத்தில் அவர்கள் தங்கும் கொட்டகையில் பரணுக்கு ஏறும் மூன்றாவது படியில் நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். எழுத்தாக வரும் மின்னஞ்சல் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். எங்கள் புதிய இணையதளம் வராது. அதன் முகப்பில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கண்ணாடிக் குடுவையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இடமிருந்து வலமாக நகர்கிறார். அவர் நகர்ந்து முடிப்பதற்குள் அண்ணியின் சிக்னல் போய்விடும். அப்படியே திறந்தாலும் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் நூற்றுப் பதினான்கு துறைகள் இருக்கின்றன. நத்தை "பிற" என்பதற்குள் இருக்கிறது.

6

நல்ல கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். குழுத்தலைவரை ஆக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு வரியும் எழுதினேன்: "தலைவரின் கண்களில் ஒரு குரூரமான—"

பொய். அந்த மனிதர் அலுவலகத் தொட்டிச் செடிகளை ஜன்னலுக்கு ஜன்னல் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறவர். என் அம்மாவின் முழங்கால் வலியை வாராவாரம் விசாரிப்பவர். அவரை வைத்துக்கொண்டு ஒரு வில்லத்தனமும் செய்ய முடியாது. இணையதளத்தைச் செய்தவரும் நல்லவர். கேள்வி கேட்டவர் கேட்டது நியாயம். தேடித் தேடிப் பார்த்ததில் பட்டியலில் மிச்சம் நிற்பது நான்தான். ஆனால் கதைசொல்லி வில்லனாக இருந்தால் வாசகர்கள் அவன் சொல்வதை நம்புவார்களா என்று தெரியவில்லை. நீங்கள் நம்பிக்கொண்டே வாருங்கள், எனக்கு வேறு வழியில்லை.

நீண்டகாலக் கணக்கெடுப்பு நிதி அறிவிப்பு இந்த மாதம் நாலாம் தேதி இணையதளத்தில் ஏறியது. பதினேழு நாள் அவகாசம். ஏற்றியது திங்கட்கிழமை அக்கா. மின்னஞ்சல் போன பிறகு அவருக்கு அந்த வேலைதான். தலையில் ஒரு வரி சேர்க்க இணையதளத்தில் இடமில்லை.

7

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி சதுப்பு நிலத்திலிருந்து வந்திருந்தார். நகங்களில் சேறு இன்னும் போகவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து பரிமாறினார். அறிவிப்பு ஏறி நாலு நாள் ஆகியிருந்தது. அவருக்குத் தெரியாது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. இந்த வருடம் நிதி திறக்கத் தாமதமாகிறது போல என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மின்னஞ்சல், தொலைபேசி, கடிதம், நேர்ப்பேச்சு. நானே எழுதியது, நானே மீறினால் எப்படி என்று ஒரு பக்கம். சொல்லித் தொலையேன்டா என்று ஒரு பக்கம். ஒரு வாய் சோற்றோடு அந்த வாக்கியத்தையும் மென்று முழுங்கினேன். கடைசியில் பட்டும் படாமல் இப்படிக் கேட்டேன்:

"எங்க ஆபீஸ் வெப்சைட் பாத்தீங்களா அண்ணி? புதுசா பண்ணியிருக்கோம்."

"உன் போட்டோ போட்டிருக்காங்களா?"

"இல்லயே."

"அப்புறம் அதுல என்ன பாக்கச் சொல்ற?"

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பேச்சு அண்ணன் வீட்டு மொட்டைமாடி ஒழுகுவதைப் பற்றிப் போய்விட்டது. கிளம்பும்போது அண்ணி எனக்கு ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8

அன்று மாலையே இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். வாய் திறக்காதவனுக்குப் பேனா உடனே திறந்துகொண்டது. அப்போது இரண்டு முடிவுகள் கையில் இருந்தன.

முடிவு ஒன்று: கடைசி நாள் கடந்துவிடுகிறது. மழை வருகிறது. சதுப்பு நிலத்தில் நாற்பது சதுரங்களின் இடமும் காலி. இருந்த கடைசி நத்தை ஒன்று, எண்ண ஆளில்லாமல், மெதுவாக— (இதை எழுதும்போது கண் கலங்கியது. அண்ணியின் பதினோரு வருடத்தை எடுத்து என் கதைக்கு அழகாக ஒரு கடைசி வரி செய்துகொள்ளப் பார்த்திருக்கிறேன். கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மூன்றாவது படியில் நிற்கும் அண்ணிக்குத் தற்செயலாக நல்ல சிக்னல் கிடைக்கிறது, வெள்ளைக் கோட்டுக்காரர் நகர்ந்து முடிக்கிறார், "பிற" என்பதை அண்ணி அழுத்துகிறார். (இதை நம்பும் வாசகர் யாரும் இருந்தால் எங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேரலாம்.)

இரண்டும் நடக்கவில்லை.

9

இருபத்தோராம் தேதி, கடைசி நாள், காலை. வந்த விண்ணப்பங்களை வரிசையாகத் திறந்து படிவம் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஏழாவது விண்ணப்பம் அண்ணியுடையது.*

ஒரு நிமிடம் எனக்கு அப்படியொரு சந்தோஷம். எழுந்து நின்றே விட்டேன். சொல்லாமலே நடந்துவிட்டது, விதியும் பிழைத்தது, நத்தையும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். உட்கார்ந்து மேலே படித்தேன். நாற்பது சதுரங்கள், பதினோரு வருடங்கள், ஒவ்வொன்றுக்கும் எண்கள். கடைசிப் பக்கத்தில் குழு சேர்த்திருந்த புதிய கேள்வி: "இந்த அறிவிப்பை எவ்வழியில் அறிந்தீர்கள்?" தேர்ந்தெடுக்க இருப்பது ஒரே விடைதான், "இணையதளம்". அதைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் போயிருந்தார்கள். அண்ணி அதைத் தொடவில்லை. கீழே "கூடுதல் விவரம்" என்ற கட்டத்தில் எழுதியிருந்தார்:

"இணையதளத்தில் பார்க்கவில்லை. ஒன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, முன்பு திங்கட்கிழமைகளில் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தவர் தொலைபேசியில் சொன்னார். பேசியது ஆறு நிமிடம். அதில் இந்த அறிவிப்பைப் பற்றி இரண்டு நிமிடம்."

\* சொந்தக்காரர் விண்ணப்பத்தை நானே பார்க்கலாமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்கும் ஒரு விதி உண்டு. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத்துணை ஆகியோர் விண்ணப்பத்தைப் பார்க்கக் கூடாது. அண்ணி பட்டியலில் இல்லை. அந்த விதியை எழுதியவருக்கு ஓசையில் அக்கறை இல்லை போலிருக்கிறது.

10

நேராகப் பிரிண்டர் பக்கத்து மேசைக்குப் போனேன். நீங்கள்தான் சொன்னீர்களா என்று கேட்டேன். அக்கா கைக்குட்டையை இறக்கிவிட்டு, ஆமாம் என்றார். விதி தெரியுமே என்றேன். "பன்னெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தவ நான். நீங்க ஒரு பேப்பர் எழுதிட்டீங்கன்னு என் வாய் மூடிக்குமா?" என்று சொல்லிவிட்டு மறுபடி கைக்குட்டையை ஏற்றிக்கொண்டார். விசாரணை வந்தால் வரட்டும் என்கிறவரிடம் மேலே என்ன பேச?

விண்ணப்பத்தை மாலை ஐந்து மணி வரை திருத்தலாம், திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும். அண்ணிக்குப் போன் போட்டேன். மூன்று தடவை அடித்த பிறகு, மூன்றாவது படியில் வைத்திருக்கும் போனைப் படியேறி வந்து எடுத்தார். மூச்சு வாங்கியது.

"அண்ணி, கடைசிப் பக்கத்துல எழுதினத மட்டும் எடுத்துடுங்க. வெப்சைட்னு தொட்டுட்டாப் போதும்."

"ஏன், தப்பா எழுதியிருக்கேனா? அவங்க பேசுனது ஆறு நிமிஷம்தான்."

"தப்பே இல்ல. அதான் சிக்கல்."

விதியைச் சொன்னேன். முழு வாக்கியத்தையும் சொன்னேன். இந்தத் தடவை அது காதுக்கு நன்றாக இல்லை. அண்ணி கேட்டுக்கொண்டார்.

"யார் எழுதுனது இது?"

"நான்தான்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"அன்னிக்குச் சாப்பிட வந்தியே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"சரி."

"அண்ணி, மன்னிச்சிடுங்க. இப்ப அத மட்டும் எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும். பதினோரு வருஷம் அண்ணி."

"பதினோரு வருஷமும் பாத்தத பாத்தபடி எழுதுனதாலதான் அது கணக்கு. இத மட்டும் மாத்தி எழுதுனா, முன்னாடி எழுதுனத எவன் நம்புவான்?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "அந்தக்கா சொன்னாங்க, அவங்கள எழுதுனேன். நீ சொல்லியிருந்தா உன் பேர எழுதியிருப்பேன் தம்பி."

மழை இருட்டிக்கொண்டு வருகிறது, கம்பிகளை எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

11

இப்போது மணி நாலு இருபது. விண்ணப்பம் என் திரையில் திறந்திருக்கிறது. அண்ணி எதையும் மாற்றவில்லை. ஐந்துக்குள் நான் சரிபார்த்து முடிக்க வேண்டும். நிராகரித்தால் என் விதி நிற்கும், இந்த மழையோடு நத்தைக் கணக்கு அறுந்துவிடும். ஏற்றால் அந்தக் கட்டத்தில் இருப்பதை நான் படித்தும் படிக்காதவனாக இருந்தேன் என்று ஆகும், என்றைக்காவது யாராவது கேட்பார்கள். குழுத்தலைவரிடம் போய், அந்த விதியை யோசிக்காமல், காதுக்கு நன்றாக இருக்கும்படி எழுதிவிட்டேன் என்று சொல்லலாம். அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, முதலில் அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று—

வேண்டாம். அது வேறு கதை.

முடிவை வாசகரிடம் விடுவது வாசகருக்குச் செய்யும் மரியாதை என்று ஒரு மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். பாதி நேரம் அது வெறும் பயம் என்று இன்றுதான் தெரிகிறது. தெரிந்துகொண்டே அதைத்தான் செய்யப்போகிறேன். தேநீர் குடிக்கக் கீழே இறங்குகிறேன், திரும்பிவர இருபது நிமிடம் ஆகும். திரையைப் பூட்டவில்லை. நாற்காலி காலியாக இருக்கிறது, உட்காருங்கள். இடது பக்கம் இருப்பது "ஏற்கப்பட்டது", வலது பக்கம் "நிராகரிக்கப்பட்டது". அழுத்தினால் திரும்ப மாற்ற முடியாது, நிதானமாகச் செய்யுங்கள்.

உங்களுக்கு எந்தத் தொந்தரவும் வராது. எதை அழுத்தினாலும், கீழே "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் அது என் பெயரைத்தான் எழுதும்.